மொட்டைத் தலையும் சாம்பல் நிற ஹெட்போனும்

கவிதா, உனக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்த வாரம் சாப்பாட்டு மேசையில் நீ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. முகிலா, அக்காவோடு சேர்ந்து நீயும் படி. நான் மூன்றாம் படிவம் வரை படித்தவன். பிழை இருந்தால் உங்கள் அம்மாவிடம் சொல்லித் திருத்துங்கள். என் முன்னால் வைத்துச் சிரிக்க வேண்டாம்.

அன்றைக்கு நீ போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அப்பா, ஹெட்போன் முடிவாயிடுச்சு. கறுப்பு. நாசர் மாமாகிட்ட கேட்டுட்டேன்."

"அவன்கிட்ட எதுக்கு? நான் இங்கத்தான உக்காந்திருக்கேன்?"

"ஐயோ அப்பா, பாக்டரியில சவுண்டு பார்த்தவரு அவருதான. நீங்க கம்ஃபர்ட்டுதான பார்த்தீங்க."

சொல்லிவிட்டு நீ ரசத்துக்குக் கையை நீட்டினாய். எனக்குச் சோற்றில் கல் கடித்தது போல இருந்தது. நீ தப்பாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாய். அதனால்தான் அவ்வளவு கடித்தது.

மலாக்காவில் ரெம்பியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் குருபோங் பாக்டரிக்கு வேலைக்கு வந்தவன் நான். முதலில் பெட்டி கட்டினேன், பிறகு ஈயம் வைத்தேன், பிறகு ஸ்பீக்கர் சோதிக்கும் வரிசையில் நின்றேன். கெட்ட ஸ்பீக்கர் கன்வேயரில் வரும்போது, கையில் எடுப்பதற்கு முன்பே திரும்பிப் பார்ப்பேன் என்று சொல்லி என்னைக் கேட்கும் அறைக்கு மாற்றினார்கள். பழகிய வருடங்களைப் பற்றி இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது அந்த அறையைப் பற்றி.

அறையின் தலைவி மிஸ் ஓங். கல்யாணம் ஆகிப் பேரன் எடுத்த பிறகும் எங்களுக்கு அவர் மிஸ் ஓங்தான். மெலிந்த உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு கம்பளித் துண்டு, ஏனென்றால் அந்த அறை ஏர்கோன் குளிரில் விறைக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். நாங்கள் யாராவது "நல்லா இருக்கு மிஸ்" என்றால் உள்ளங்கையை நீட்டி நிறுத்திவிடுவார்.

"ஆப்பா யாங் பாகுஸ்? பண்டிங்."

மலாயில், எது நல்லது, ஒப்பிட்டுச் சொல் என்று அர்த்தம். தனியாக ஒரு பொருளைக் காதில் வைத்து நல்லது, கெட்டது என்று சொல்வதை அவர் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். இதைவிட அது எப்படி, அதைவிட இது எப்படி, அவ்வளவுதான். சொன்ன பிறகு, "லாகி செக்காலி" என்பார். இன்னொரு தடவை. நேற்றுச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறோமா என்று பார்ப்பார். நாம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். வாய் "வலிக்கல மிஸ்" என்று சொல்லும். கை தானாகப் போய் வலிக்கிற இடத்தைத் தொட்டுவிடும். கையைத்தான் அவர் நம்புவார்.

வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீங்கள் எதையாவது வாங்கப் போனால் உதவும். அறைக்கு வருகிற அன்று தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. காது மெத்தையில் எண்ணெய் பட்டால் தோல் உரிந்துவிடும். சென்ட் கூடாது. உள்ளே போனதும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். சுவர் முழுக்கப் பஞ்சு. வெளியிலிருந்து கொண்டுவந்த இரைச்சல் காதைவிட்டு இறங்குகிற வரைக்கும் பேச்சில்லை. பிறகு இரண்டு ஹெட்போன் வரும், ஏ ஒன்று, பி ஒன்று. இரண்டுக்கும் கறுப்புத் துணி உறை போட்டிருக்கும், எந்த மாடல் என்று கண்ணுக்குத் தெரியாது. முதல் வேலை இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. இதை மறக்காதீர்கள். கூடுதல் சத்தம் உள்ளதுதான் மனிதக் காதுக்கு எப்போதும் நல்லதாகக் கேட்கும். கடைக்காரனுக்கு இது தெரியும்.

ஒரு பாட்டிலிருந்து சிறு துண்டு, அதே துண்டு, ஏ-யில் ஒரு தடவை, பி-யில் ஒரு தடவை. ஆளுக்கு ஒரு சொந்தத் துண்டு வைத்துக்கொள்ள மிஸ் ஓங் அனுமதித்தார். நான் கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாயன மேளம் ஒன்றை வைத்துக்கொண்டேன். தவிலின் வலது பக்கம் கணீரென்று வெடிக்கும், இடது பக்கம், தொப்பி என்பார்களே, அது வயிற்றில் இறங்கும். ஹெட்போன் மோசமென்றால் தொப்பி தகர டப்பா மாதிரி ஆகிவிடும். மறைக்கவே முடியாது. அதற்குப் பிறகு அறையின் நாலு மூலை ஸ்பீக்கரிலும் இரைச்சலைத் திறந்துவிடுவார்கள். பஸ் என்ஜின், விமானம், ஏர்கோன். அப்போதுதான் இரைச்சலை அடக்கும் சுவிட்சைப் போடுவோம். ஒரு விஷயம், அந்தச் சுவிட்ச் ஒரே சீராக உறுமுகிற சத்தத்தைத்தான் தின்னும். பக்கத்து சீட்டில் அழுகிற குழந்தையைத் தின்னாது. காது மெத்தைக்கும் தலைக்கும் நடுவில் நூல் அளவு சந்து இருந்தாலும் உறுமல் உள்ளே வந்துவிடும், பாட்டின் அடிக்குரல் வெளியே ஓடிவிடும்.

அந்த அறையில் இரண்டு நாற்காலி. ஒன்று எனக்கு. மற்றது நாசருக்கு.

நாசரை உங்களுக்குத் தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்த நாசரைத் தெரியாது. மலாக்கா டவுனில் கடை வைத்திருந்த குடும்பம், கடை வேண்டாம் என்று பாக்டரிக்கு வந்தவன். என்னைவிட இளையவன். சுருட்டை முடி, காதை மூடுகிற அளவுக்கு அடர்த்தி, கன்னம் வரைக்கும் கிருதா. அந்த முடி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. அவன் உள்ளே வந்தால் மிஸ் ஓங் சிரிப்பார். நான் வந்தால் தலையாட்டுவார். நோன்பு மாதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து என்னைவிடத் தெளிவாகச் சொல்வான். அவன் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே ஏதோ ஒன்று புகையும். என் தட்டில் இருக்கிற மீனைவிட அவன் தட்டில் இருக்கிற மீன் எப்போதும் பெரியதாகத் தெரிந்தது.

ஒரு வருடக் கடைசியில் மிஸ் ஓங் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அடுத்த வருடம் நாற்காலி ஒன்றுதான், மேலிடத்து முடிவு என்றார். வயர் இல்லாத, இரைச்சலை அடக்குகிற புது மாடல் ஒன்று வருகிறது, அதில் யார் எப்படிச் சொல்கிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்வேன் என்றார். இன்னொருவர், ஹெட்போனை வெறுமனே அணிந்து பார்க்கும் மேசைக்குப் போக வேண்டும்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று நினைத்த அளவுக்கு வாழ்க்கையில் வேறு எதையும் நான் நினைத்ததில்லை. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று நீதான், கவிதா. அந்த மாதம்தான் உனக்கு டெங்கி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாய். இரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை இறங்குகிறது, இறங்குகிறது என்று காலையும் மாலையும் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பிள்ளை எழுந்தால் தைப்பூசத்துக்கு மொட்டை போடுகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். உங்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். நீ எழுந்துவிட்டாய். வீட்டுக்கு வந்த அன்றே சிக்கன் கேட்டு அழுதாய். தைப்பூசத்துக்கு நான் மொட்டை போட்டேன். வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து "அப்பா பப்பாளி" என்று கை தட்டினாய். உனக்கு நினைவிருக்காது.

தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள் புது மாடல் வந்தது.

பிரச்சினை காது மெத்தையைப் பற்றியது. ஏ-யில் மெத்தை கெட்டி, பி-யில் மெத்தை மிருது. எதைப் போட்டு அனுப்புவது என்று வெளிநாட்டு வியாபாரி காத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்பே மெஷின் சொல்லிவிட்டது. ரப்பரில் செய்த ஒரு பொம்மைத் தலை, காதுக்குள் மைக். அதில் மாட்டி அளந்து பார்த்த இன்ஜினியர், ஏ-தான் சிறந்தது என்று சொல்லியிருந்தார். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

நான் உட்கார்ந்தேன். ஏ-யில் தொப்பி விழுந்தது பாருங்கள், நெஞ்சுக்குழியில் விழுந்தது. இரைச்சலைத் திறந்தார்கள். பஸ் காணாமல் போனது. பி-யில் எல்லாம் சுமார். எனக்குச் சந்தேகமே இல்லை. "ஏ, மிஸ்" என்றேன். "லாகி செக்காலி." மறுபடியும் ஏ.

நாசர் உட்கார்ந்தான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டான். கடைசியில், "பி" என்றான். இன்னொரு தடவையும் பி.

இன்ஜினியர் சிரித்துவிட்டு, மெஷினும் ஏ என்றுதான் சொன்னது என்றார். மெஷினும் நானும் ஒரே பக்கம், நாசர் மட்டும் தனியாக. எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. நாற்காலியில் சாய்ந்து உட்காருகிற மாதிரியே ஒரு நினைப்பு.

"என்ன நாசர், காதுல தண்ணி கிண்ணி போச்சா?" என்று கேட்டேன்.

"மெஷின் சொல்லட்டும், நீங்க சொல்லுங்க அண்ணே, சண்டை இல்ல. ஆனா என் காதுக்கு ஏ-யில தொப்பி செத்துப் போச்சு. பஸ்ஸு உள்ள வந்து உக்காந்துருச்சு. நான் என்னலா பண்றது?"

தொப்பி என்ற வார்த்தையே அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது. அவன் எனக்குத் தெரியாமல் என் மேளத் துண்டை வைத்துத்தான் கேட்டிருக்கிறான். என் தவிலாலேயே என்னை அடித்தான்.

மிஸ் ஓங் எழுந்து வந்தார். ஏ-யை எடுத்து மறுபடியும் என் தலையில் மாட்டினார். எதிரில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தார். மேல்பட்டை புதிதாகச் சிரைத்த தலையில் அழுத்தியது, நான் அறியாமல் என் கை உச்சந்தலைக்குப் போனது. அவர் கண்ணும் அங்கே போனது. அங்கிருந்து மெதுவாகத் திரும்பி, மூலையில் இருந்த ரப்பர் தலையைப் பார்த்தார்.

"டுவா-டுவா போத்தாக்" என்றார்.

இரண்டுமே மொட்டை. அறையே சிரித்தது. நாசர்கூடச் சிரித்தான், பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். மிஸ் ஓங் மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானம் டவுனுக்கு ஆள் அனுப்பி ஒரு பொய்முடி வாங்கிவரச் செய்தார். அதை ரப்பர் தலைக்கு மாட்டி, காதைச் சுற்றி முடியை இழுத்துவிட்டு, அளக்கச் சொன்னார். முடி கெட்டி மெத்தையைத் தூக்கிவிட்டது. சந்து விழுந்தது. ஏ-யின் அளவு மளமளவென்று இறங்கியது. மிருது மெத்தை முடியைத் தன்னோடு அணைத்துக்கொண்டது, பி அப்படியே நின்றது. முடியுள்ள தலையில் நாசர் சொன்னதுதான் சரி. வாங்குகிறவர்களில் மொட்டை போட்டவர் எத்தனை பேர்?

மிஸ் ஓங் போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தெலிங்கா காமு பெத்துல்" என்றார். உன் காது சரி. "கெப்பாலா சாஜா." தலைதான்.

முடி வளர்கிற வரைக்கும் பொறுங்கள் என்று கேட்க முடியுமா? வியாபாரி பொறுப்பாரா? நாற்காலி நாசருக்குப் போனது.

நான் அணிந்து பார்க்கும் மேசைக்குப் போனேன், ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான். அங்கே பாட்டுக் கிடையாது. ஊமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தாடை அசைந்தால் மெத்தை நகர்கிறதா என்று பார்க்கக் குவாச்சி விதை கொறிக்க வேண்டும். குனிய வேண்டும், நிமிர வேண்டும், கொட்டாவி விட வேண்டும். தடித்த காம்புள்ள மூக்குக்கண்ணாடி, மெலிந்த காம்புள்ள மூக்குக்கண்ணாடி, மாற்றி மாற்றிப் போட வேண்டும். எனக்குப் பக்கத்தில் தலையில் துடோங் துணி கட்டிய பெண்கள், கொண்டை போட்ட பெண்கள். எடை எங்கே இறங்குகிறது, தோல் மெத்தை எப்போது வேர்க்கிறது, துணி மெத்தை எப்போது நாறுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். எதிரில் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் நாசர், கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டு. எந்தத் துண்டைக் கேட்கிறான் என்று அந்தத் தலையாட்டலின் தாளத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். என் மேளம். நான் குவாச்சியைக் கடிப்பேன்.

இப்போது தெரிகிறதா கவிதா, "கம்ஃபர்ட்டுதான" என்று நீ சொன்னது எங்கே போய்க் குத்தியது என்று?

நீ அதைச் சொன்ன மறுநாள் நான் டவுனில் நாசர் கடைக்குப் போனேன். பாக்டரி ஆளைக் குறைத்தபோது அவன் வெளியே வந்து, வேண்டாம் என்ற அதே குடும்பக் கடையை எடுத்து, போனும் ஹெட்போனும் விற்கிறான். உன்னிடம் சொல்லாமல் போனேன். மேசை இழுப்பறையிலிருந்து உன் பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"வாங்கண்ணே! பசியாறியாச்சா? என்ன இந்தப் பக்கம்?"

"கவிதாவுக்கு என்னமோ கறுப்பு சொன்னியாம். பார்க்கலாம்னு வந்தேன்."

"அண்ணே, சந்தேகமா?" என்று கண்ணைச் சிமிட்டினான். "கறுப்பும் சாம்பலும்தான் கடைசிக்கு நின்னுச்சு. உக்காருங்க. பண்டிங் பண்ணுவோம்."

கறுப்பு மட்டமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் மாட்டினேன். மட்டமாக இல்லை. சத்தத்தைச் சமப்படுத்தி, அவன் போனில் இன்னும் வைத்திருக்கிற என் மேளத்தைப் போட்டான். கறுப்பில் தொப்பி முழுசாக விழுந்தது, நாயனம் எரிச்சல் இல்லாமல் மேலே போனது. சாம்பலில் தொப்பி ஒரு மாற்றுக் குறைவு. கடை வாசலில் ஓடுகிற ஜெனரேட்டர் சத்தத்தைக் கறுப்பு துடைத்துவிட்டது, சாம்பல் கொஞ்சம் மிச்சம் வைத்தது. பொய் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மிஸ் ஓங் எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"கறுப்பு" என்றேன்.

"அதான் சொன்னேன்" என்றான். நாசர் சொன்னதையே நானும் சொல்ல வேண்டி வந்ததைப் போல ஒரு கசப்பு உண்டா?

பிறகு உன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்குக் கடையே மங்கியது. கறுப்பை மாட்டினேன். அதன் மெத்தை முடிக்கு வளையும், கண்ணாடிக் காம்புக்கு வளையாது. உன் கண்ணாடியின் தடித்த காம்பு அதைத் தூக்கியது. தொப்பி தகர டப்பா ஆனது. ஜெனரேட்டர் உள்ளே வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். காம்பு காதுக்கு மேலே எலும்பில் அழுத்தத் தொடங்கியது. சாம்பலை மாட்டினேன். அதைவிட மிருது, எடையும் குறைவு. காம்பை உள்ளே வாங்கிக்கொண்டு மூடிக்கொண்டது. தொப்பி இருந்த இடத்திலேயே இருந்தது. வாயை அசைத்தேன், குனிந்தேன், கொட்டாவி விட்டேன். நகரவில்லை.

கண்ணாடியையும் இரண்டு ஹெட்போனையும் நாசரிடம் நீட்டினேன். அவன் மாட்டினான். மாற்றி மாட்டினான். அவன் முகத்தில் சிரிப்பு போனது.

"லாகி செக்காலி" என்று தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் கேட்டான். பிறகு கழற்றி வைத்தான். "பிள்ள கண்ணாடி போடுதுன்றதே எனக்குத் தோணலண்ணே. கோலாலம்பூர் வரைக்கும் பஸ்ஸுல இத மாட்டிட்டுப் போனா காது கழண்டுரும். சாம்பல்தான்."

அந்தக் கணம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் அது கணம்தான். அவன் உடனே போனை எடுத்து உனக்கு அடித்தான், ஸ்பீக்கரில் போட்டான்.

"கவிதாம்மா, கறுப்பு வேண்டாம். சாம்பல் எடு. உன் கண்ணாடிக்கு அதான் சரி."

"ஓகே மாமா! நீங்க சொன்னா சரிதான்."

"நான் சொல்லலம்மா, உங்கப்பா கண்டுபிடிச்சாரு. இங்கத்தான் நிக்கிறாரு."

நீ சிரித்தாய். "ஐயோ மாமா, அப்பாவுக்கு வக்காலத்து வாங்காதீங்க! அவரு கோவமா இருக்காருன்னு எனக்குத் தெரியும். தேங்க்ஸ் மாமா, நீங்க பெஸ்ட்டுலா!"

போனை வைத்துவிட்டாய். நாசர் கையை விரித்தான். "நான் உண்மையத்தான் சொன்னேன், பார்த்தீங்கள்ல?"

பார்த்தேன். அவன் உண்மையைத்தான் சொன்னான். உண்மை சொன்னதற்கும் அவனுக்கே தேங்க்ஸ் கிடைத்தது.

அவன் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கிளாஸ் தே தாரிக் வரவழைத்தான். குடித்துக்கொண்டே என் வழுக்கையைப் பார்த்தான்.

"அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு. அந்த வருஷம் மொட்டை எதுக்குப் போட்டீங்க? முடியோட வந்திருந்தா நாற்காலி யாருக்குன்னு சொல்ல முடியாது. எனக்கே தெரியும். நேர்த்திக்கடனா?"

அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். சொன்னால் கண் கலங்கியிருப்பான். அன்றைக்கே உனக்குப் போன் செய்து சொல்லியும் இருப்பான், அவன் வாயால், அழகாக, என்னைவிட நன்றாக. நீயும் "தேங்க்ஸ் மாமா" என்றிருப்பாய்.

"வெயில்லா, நாசர்" என்றேன். "அந்த வருஷம் ஒரே வெயில்."

வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேலே சாம்பலை மாட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் அதைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாய். நாசர் மாமா என்று உன் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. பஸ் கிளம்பி உறுமியது. உனக்குக் கேட்டிருக்காது. நீ ஒரு தடவைகூடக் கையைத் தூக்கிக் காதைத் தொடவில்லை. நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலி அவனிடம் போனது, என் மேளமும் அவனிடம் இருக்கிறது. மொட்டை எதற்கு என்பது மட்டும் இன்னும் அவனுக்குத் தெரியாது. உனக்குச் சொல்லிவிட்டேன். நாசர் மாமாவிடம் சொல்லிவிடாதே, அம்மா.